மூன்றாவது கியரின் முனகல்

1984ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று காலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கொற்றலை மோட்டார் கம்பெனியின் கியர்பாக்ஸ் பிரிவுத் தலைவராக இருந்த பிரகாசத்தின் நெஞ்சுக்குள், கம்பெனி செய்துகொண்டிருந்த காரின் மூன்றாவது கியர் சத்தம் குடிவந்தது. பிறகு காலி செய்யவே இல்லை. அதே வாரம் மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்துக்குத் தகரக் கூரை போட்டார்கள். பூசணிக்காய் விலை ஏறி இறங்கியது. கூரை அடுத்த மழையிலேயே பறந்துவிட்டது. சத்தம் நிலைத்தது.

கொற்றலை கம்பெனி அதுவரை பம்புசெட் செய்து பிழைத்தது. நன்றாகவே பிழைத்தது, செங்குன்றத்திலிருந்து திருத்தணி வரை கிணறுகளில் தண்ணீர் இறைத்தவற்றில் பாதி அதன் பம்புகள்தான். ஆனால் பம்புசெட் முதலாளிக்கு எந்த மேடையிலும் நடு நாற்காலி தருவதில்லை என்ற உண்மை சேர்மனுக்கு ஐம்பதாவது வயதில் உறைத்தது. ஆகவே ஆணியிலிருந்து ஆரன் வரை எல்லாமே அம்பத்தூரில் செய்த ஒரு காரை நாட்டுக்குத் தருவதாக அறிவித்தார். அவருடைய மனைவி அதற்கு ஐராவத் என்று பெயர் வைத்தார். ஐராவதம் ஒரு வெள்ளை யானை என்று சேர்மனிடம் சொல்லத் துணிச்சல் உள்ள இருவர் கம்பெனியில் இருந்தார்கள். அந்தத் துணிச்சலின் காரணமாகவே இருவரும் முந்தைய வருடம் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். எஞ்சினைச் செய்யும் பொறுப்பு தசரதனுக்கு. வானகரத்தில் நிலமும் கிணறும் உள்ள குடும்பத்துப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கிண்டி காலேஜுக்குப் போய் இன்ஜினியர் ஆனவர். கியர்பாக்ஸ் பொறுப்பு பிரகாசத்துக்கு. ஆவடி சி.எஸ்.ஐ. சபையின் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். கார் நகராவிட்டால் எஞ்சின்தான் காரணம் என்று பிரகாசமும், கியர்பாக்ஸ்தான் காரணம் என்று தசரதனும் அறிக்கை கொடுப்பார்கள். நகர்ந்தால் ஒரே சாதனைக்கு இரண்டு அறிக்கை போகும். இந்த ஒழுங்கில் கார் மூன்று வருடம் வளர்ந்தது.

மூன்றாவது கியரில் போட்டால் ஐராவத் முனகும். வயிற்று வலிக்காரன் போர்வைக்குள் முனகுவது மாதிரி ஆரம்பித்து, வேகம் கூடக்கூட மேலே ஏறி, கடைசியில் பல் கூசும். காரணம் பிரகாசத்துக்கு முதல் வாரமே தெரியும். கியருக்குப் பல் வெட்டும் மிஷின் தேய்ந்துபோனது. ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை தவறி வெட்டும். வேறு மிஷின் வாங்கினால் சத்தம் போய்விடும். ஆனால் அந்த மிஷினைச் சேர்மனே வெளிநாடு போய், கையால் தட்டிப் பார்த்து, செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்திருந்தார். அதன்மேல் கைவைத்தபடி அவர் நிற்கும் படம் வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. படத்தில் இருக்கும் மிஷின் தப்பு செய்யாது. எனவே பிரகாசம் எண்ணெயை மாற்றிப் பார்த்தார், மூடியை மாற்றிப் பார்த்தார், மூடிக்குள் கம்பளி வைத்துப் பார்த்தார், கர்த்தரிடம் கேட்டுப் பார்த்தார். விஜயதசமியன்று டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் காரை ஓட்டிப் பார்க்க வருவதாகத் தந்தி வந்தபோது, கேட்பதற்கு வேறு யாரும் பாக்கி இல்லை.

ஆயுத பூஜையன்று தொழிற்பேட்டையில் ஒரு திருகாணி கூடச் சுற்றாது. மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கருவிகளை வாழையிலையில் பரப்பி வைத்துவிட்டால், மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. பிரகாசம் அன்றைக்குத்தான் போய் சோதனை மேடையில் இருந்த கியர்பாக்ஸை ஓட்டினார். அப்போது ஷெட்டில் இருந்தவன் மணவாளன் ஒருவன்தான். காரை ஓட்டிச் சோதிக்கும் டிரைவர், மண்ணூர்பேட்டைக்காரன், பொரி வாங்க வந்தவன்.

“சார், இன்னிக்கு அதுக்கு லீவு சார். பொட்டு வெச்சி படுக்க வெச்சாச்சு. எழுப்பாதீங்க.”

“நாளைக்கு டெல்லி வருதுய்யா.”

“டெல்லி வந்தா இன்னா சார், ஒரு நாள் குந்திகினு இருக்கட்டும்.”

“நான் சர்ச்சுக்குப் போறவன் மணவாளன். எனக்கு இந்தப் பொட்டுக் கணக்கெல்லாம் கிடையாது.”

“உங்களுக்கு இல்ல சார். மிஷினுக்கு கீதே.”

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இரும்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துச் சத்தம் கேட்பது மெக்கானிக்குகளின் வழக்கம். பிரகாசம் வாழையிலையில் படுத்திருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதிலும் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. முனையை கியர்பாக்ஸில் ஊன்றிக் காதைக் கொடுத்தார். குடத்தில் தண்ணீர் நிறையும்போது ஏறுவதுபோல் முனகல் ஏறியது, கம்பி வழியாக மேலே வந்தது, காதுக்குள் போனது, கியர்பாக்ஸ் ஊமையானது. “சரியாயிடுச்சு” என்று சொல்ல பிரகாசம் வாயைத் திறந்தார். முனகல்தான் வந்தது. அவர் இன்ஜினியர் என்பதால் முதலில் அலறாமல் சோதித்தார். இரண்டாவது கியரில் போட்டால் நெஞ்சு அமைதி. மூன்றாவதில் போட்டால் நெஞ்சு முனகல். சோதனை மேடையை நிறுத்தினால் நிற்கிறது. அதன்பிறகு அலறினார்.

சேதி வானகரத்துக்குப் போனது. போகும் வழியில் சுருங்கி, ‘பிரகாசம் கியர்பாக்ஸைச் சரிசெய்துவிட்டார்’ என்ற அளவுக்கு ஆகியிருந்தது. தசரதன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஸ்கூட்டரில் வந்தார். அவருடைய எஞ்சின் டொக் டொக்கென்று தட்டுகிற எஞ்சின். நாளைக்கு டெல்லியின் காதில் அது ஒன்றுதான் விழும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. மணவாளன் கையை விரித்து வழிமறித்தும் கேட்காமல், எஞ்சினை ஓடவிட்டு, அதே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன்மேல் ஊன்றினார். தட்டல் அவருடைய இதயத்துக்குப் போனது. அன்று முதல் ஐராவத் ஓடினால் தசரதனின் இதயம் எஞ்சின் கணக்கில் அடித்தது.

மறுநாள் கார் கோயில் பிரகாரம்போல் அமைதியாக ஓடியது. டெல்லி அதிகாரி இறங்கி, எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்டார். சேர்மன் வாழ்நாளில் கேட்ட பாராட்டுகளில் அதுதான் சிறந்தது. மேடையில் பேச அழைத்தபோது பிரகாசம் மைக் முன்னால் நின்றார். அந்த நேரம் பார்த்து மணவாளன் மைதானத்தில் காரை மூன்றாவதில் சுற்றிக்கொண்டிருந்தான். மைக் வழியாக நெஞ்சு முனகியது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. மைக் செட் போட்ட மதுரைவீரனுக்கு ஓர் அறை விழுந்தது. பிரகாசத்துக்கும் தசரதனுக்கும் பதவி உயர்வு விழுந்தது.

ஒரே ஒரு கார் இருந்தவரை பிழைப்பு ஓடியது. சோதனை ஓட்டம் பகலில்தான், இரவில் தூங்கலாம். ஆனால் பிரகாசத்துக்குக் கணக்குப் போடத் தெரியும். கார் தயாரிப்பு ஆரம்பித்தால் ஒவ்வொரு காரிலும் அதே மிஷின் வெட்டிய அதே கியர். ஒரு கார் ஒரு முனகல் என்றால் ஆயிரம் கார்? தவணைமேல் தவணை வாங்கி, வேறு மிஷின் கேட்டு ஒவ்வொரு கமிட்டி முன்னாலும் போய் நின்றார்.

“கார்ல குறை இருக்கா மிஸ்டர் பிரகாசம்?” என்று தரக் கமிட்டியின் தலைவர் கேட்டார்.

“கார்ல இல்ல சார். எங்கிட்ட இருக்கு.”

“அப்ப அது மெடிக்கல் செக்‌ஷன் விஷயம்.”

மெடிக்கல் செக்‌ஷன் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, இந்த வண்டிக்கு வேறு கியர் வேண்டும், அது டெக்னிக்கல் செக்‌ஷன் விஷயம் என்றார். மனிதர் நேர்மையானவர். போகும்போது இருமல் மருந்தும் கொடுத்தார். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் கருவிகளோடு வந்து காருக்குள் அளந்து, இவ்வளவு மௌனமான கியரைத் தன் நாட்டிலேயே கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்தார். அளந்தபோது பக்கத்து இருக்கையில் முனகிக்கொண்டிருந்த பிரகாசத்தை, உள்ளூர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டார். பிரகாசம் கடைசியாக ராஜினாமா கொடுத்தார். குறையே இல்லாத கியர்பாக்ஸ் செய்தவரை எதிரிக் கம்பெனிக்கு விடுவதா என்று சேர்மன் அதைக் கிழித்துப் போட்டு, அவரை ஜெனரல் மேனேஜர் ஆக்கினார்.

1986இல் ஐராவத் ரோட்டுக்கு வந்தது. முதல் மாதம் வண்டு, இரண்டாம் மாதம் வண்டுக் கூட்டம், தீபாவளி போனஸுக்குப் பிறகு தேன்கூடு. வருடம் முடிவதற்குள் பிரகாசத்தின் நெஞ்சில் ஒரு ரைஸ்மில் ஓடியது. காலையில் ஊர் ஆபீசுக்குப் போகும் நேரத்தில் உச்சம், மத்தியானம் கொஞ்சம் இறங்கும், சாயங்காலம் மறுபடி. நடு ராத்திரியில் கூட எங்காவது ஒரு டாக்டரோ திருடனோ ஐராவத்தில் போய்க்கொண்டிருப்பான். பாடகர் குழுவில் அவரைப் பின்வரிசைக்குத் தள்ளி, பிறகு மின்விசிறிக்குக் கீழே தள்ளி, அதன்பின் ஏலச் சத்தம் பெரிதாக இருக்கும் அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் வாருங்கள் என்றார்கள். அண்ணனூரில் மின்சார ரயில் பணிமனைக்குப் பக்கத்தில் யாரும் சீந்தாத மனையை வாங்கி வீடு கட்டினார். ரயில் இரைச்சலில் தன் இரைச்சல் மறையும் என்று. மனைவி ஞானகுமாரி தலையணைக்குள் தலையை வைத்துத் தூங்கப் பழகினாள். ஒருநாள் தூங்காமல் எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, இன்னிக்கு அதிகமா இருக்கே?”

“கோயம்புத்தூர்ல புதுசா ஷோரூம் திறந்திருக்காங்க.”

“மூடிட மாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு அழுதாள்.

பந்த் நடக்கும் நாட்களில்தான் பிரகாசம் தூங்கினார். எந்தக் கட்சி, என்ன கோரிக்கை என்று பார்க்காமல் எல்லா பந்துக்கும் ஜெபம் செய்தார். புயல் சின்னம் உருவானால் ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்காருவார். பெட்ரோல் விலை ஏறினால் அவர் வீட்டில் பாயசம். வானகரத்தில் தசரதனின் நிலைமையும் இதுதான்; அவருடைய இதயம் ஊரிலுள்ள ஐராவத்துகளின் கணக்கையெல்லாம் சேர்த்து அடித்ததில் சட்டைப் பையில் வைத்த பேனா துள்ளிக் கீழே விழும். தன் ஊர் அம்மன் கோயில் பூசாரியிடம் பிரகாசத்தையும் சேர்த்து அழைத்துப் போனார். பூசாரி வேப்பிலையை ஓங்கியவர் நிறுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டார். “இது ஆத்தா சத்தம் இல்லப்பா, கார் சத்தம். ஒர்க்‌ஷாப்புக்கு இட்டுகினு போ” என்று தட்சணை வாங்காமல் அனுப்பினார். கொற்றலை கம்பெனியின் எல்லாக் கமிட்டிகளையும்விட அவர் சீக்கிரம் சொல்லிவிட்டார்.

கடைசியில் பிரகாசம் அம்பத்தூருக்குப் பக்கத்து ஊரான பாடியின் சிக்னலில் போய் நின்றார். கழுத்தில் டை, கையில் பிரீஃப்கேஸ், சட்டைக்குள் ரைஸ்மில். சிவப்பு விழுந்ததும் ஐராவத் எங்கே நிற்கிறதோ அங்கே ஓடி, கண்ணாடியைத் தட்டிக் கும்பிட்டார்: “சார், ரெண்டுலருந்து நேரா நாலுக்குப் போங்க சார். மூணு மட்டும் போடாதீங்க. பிள்ளை குட்டிக்காரன் சார்.” சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள், சிலர் நாலணா போட்டார்கள். இப்படி ஒரு மாதம் நின்றது சேர்மன் காதுக்குப் போனது. வெயிலில் நின்று வாடிக்கையாளருக்குச் சிக்கனமாகக் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஜெனரல் மேனேஜர் வேறு எந்தக் கம்பெனியில் உண்டு என்று உருகி, அவரைத் துணைத் தலைவர் ஆக்கினார். பிரகாசத்தின் வாழ்க்கையில் எல்லாக் கதறலும் பதவி உயர்வில்தான் போய் முடிந்தது.

தொண்ணூறுகளில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்து கொற்றலையோடு கைகுலுக்கியது. குலுக்கி முடித்தபோது கம்பெனி அவர்களுடையதாக இருந்தது. 1993இல் ஐராவத்தை நிறுத்தினார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் இனி மரப்பெட்டியில் சீலோடு வரும். பிரித்துப் பார்த்தால் குற்றம். பிரிக்கவே கூடாத பெட்டிக்கு இரண்டு பிரிவுகள் எதற்கு? தானாக விரும்பி ஓய்வு பெறும்படி எல்லாரையும் கட்டாயப்படுத்தினார்கள். பிரிவுபசாரத்தில் பிரகாசத்துக்கு நிக்கல் பூசிய மூன்றாவது கியர் ஒன்றை மரப்பீடத்தில் வைத்துக் கொடுத்தார்கள். துளை போட்டு, உள்பக்கம் முடித்து, பல் மட்டும் வெட்டாதது. நினைவுப் பரிசுக்குப் பல் வெட்டுவது வீண் செலவு என்று கணக்குப் பிரிவு எழுதியிருந்தது. பல் வெட்டும் மிஷினை எடைக்குப் போட்டார்கள். மண்ணூர்பேட்டையில் கணவன் விட்டுப்போன பட்டறையை நடத்திக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் அதை எடுத்தாள், மணவாளனின் அக்கா. சேர்மன் படத்தை யாரும் ஏலம் கேட்கவில்லை. மணவாளன் தன் ஓய்வுப் பணத்தில் ஓர் ஐராவத்தை வாங்கி, அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டினான்.

பிறகு நல்ல காலம் என்று பிரகாசம் நினைத்தது வந்தது. ஐராவத்துகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன. ஒன்று திண்டிவனத்தில் புளியமரத்தில் மோதியது, ஒன்று கோழிக் கூண்டானது, பல புதுப்பேட்டை பழைய கார்க் கடைகளில் துண்டு துண்டாயின. ரைஸ்மில் தேன்கூடாகி, தேன்கூடு வண்டானது. ஞானகுமாரி தலையணையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தசரதனுக்கு இன்னும் வேகமாக அமைதி வந்தது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல், மிச்சமிருந்த ஐராவத்துகளில் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கியர்பாக்ஸை மட்டும் பழையதாகவே விட்டார்கள். ஒருநாள் பிரகாசம் வானகரத்துக்குப் போனபோது, தசரதன் நாடியைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யோவ் பிரகாசம், ரொம்ப அமைதியா கீதுய்யா.”

“நல்லதுதானே?”

“இல்லய்யா. தேடிப் பாக்கறேன், எனக்குன்னு சொந்தமா ஒரு அடி உள்ள இல்லவே இல்லய்யா.”

அடுத்த வாரம், இட்லியைப் பிய்த்த கையோடு, தசரதன் சாய்ந்தார். சாவுக்கு வந்த மணவாளன் பந்தலுக்குள் வரவில்லை. வெளியிலேயே நின்று, பிரகாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சார், நான்தான் சார். எறக்கினது நான்தான். டீசல் மாத்தலாம்னு புதுப்பேட்டைக்கு இஸ்துகினு போனேன். சங்கிலி போட்டு எஞ்சின தூக்கறான், அங்க ஒர்த்தன் சொல்றான், இதான் அண்ணாத்தே கடைசி பெட்ரோல் ஐராவத்துன்னு. மணி ஒம்போது சார். இவரு எப்ப போனாருன்னாங்க?”

ஒன்பதுக்குத்தான்.

பிரகாசம் வீட்டுக்கு வந்து தன் நெஞ்சைக் கவனித்தார். அதில் அப்போது ஆறேழு முனகல் பாக்கி. ஒவ்வொன்றும் போகும்போது சத்தம் மட்டும் குறையவில்லை, மூச்சும் ஒரு பிடி குறைந்தது. முன்பு மாடி ஏறுவார். பிறகு வாசற்படி ஏறினார். பிறகு ஏறியதாக வைத்துக்கொண்டார். 1997இல் ஒரே ஒரு முனகல் மிஞ்சியது, மணவாளனுடையது. அவன் அக்கா மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் காரை நிறுத்தியபோது பிரகாசம் நீலம் பூத்துக் கிடந்தார். கார் கிளம்பியதும் எழுந்து காபி கேட்டார். டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். ஞானகுமாரி டாக்டரை விட்டுவிட்டு, மணவாளன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

“தம்பி, வண்டிய மட்டும் வித்துடாதீங்க.”

“இன்னாம்மா நீங்க. சோறு போடற வண்டி.”

“தெனம் கொஞ்ச நேரமாவது மூணாவதுல...”

“நாலாவதயே மறந்துட்டேம்மா. போதுமா?”

பாடி சிக்னலில் மூன்று போடாதே என்று கும்பிட்டவர், இப்போது மூன்று போடு என்று ஒரு வாடகைக் காரை நம்பி உயிரோடு இருந்தார். அந்தக் காருக்கு உதிரி பாகம் எங்கும் கிடையாது. பிரகாசம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார். அவர் பெயரைச் சொன்னால் எழுந்து நின்ற ஊரில், ஐராவத் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார்கள். அனுதாபம் கிடைத்தது, சாமான் கிடைக்கவில்லை.

1998இல் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், பூந்தமல்லி ரோட்டில் கல்லேற்றிய லாரியை முந்தும்போது, மணவாளனின் மூன்றாவது கியர் பல் உதிர்ந்தது. அண்ணனூரில் பிரகாசம் நாற்காலியிலிருந்து சரிந்தார். விடிந்ததும் மணவாளன் கியர்பாக்ஸை இறக்கி ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றினான். அதன் பக்கத்தில் கொற்றலை மோட்டார் கம்பெனியின் முன்னாள் துணைத் தலைவரையும் ஏற்றினான். ஞானகுமாரி அலமாரியிலிருந்து நினைவுப் பரிசை எடுத்து, மரப்பீடத்தை உடைத்து எறிந்துவிட்டு, பல் வெட்டாத கியரைப் புருஷன் மடியில் வைத்தாள். ஐந்து வருடம் தூசி துடைத்ததற்கு அன்றுதான் பலன். வண்டி தொழிற்பேட்டைக்குள் போனது. எல்லா ஷட்டரிலும் மாவிலை, எல்லா வாசலிலும் உடைத்த பூசணிக்காய். உருக்கும், உலையும், லேத்தும் லீவு. வேம்புலியம்மாள் பட்டறையில் மட்டும் ஷட்டர் பாதி திறந்திருந்தது. அவள் பொரியில் கடலை கலந்துகொண்டிருந்தாள்.

“பூஜ போட்டாச்சுடா. நாளைக்கு எடுத்துகினு வா.”

“நாளைக்கு இவரு இருக்க மாட்டாருக்கா.”

“நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சுடா?”

“ஒர்த்தர நான் எறக்கிட்டேன்க்கா. இவரையும் என் கணக்குல ஏத்தாத.”

வேம்புலியம்மாள் மீன்பாடி வண்டியில் இருந்தவரைப் பார்த்தாள். பங்சர் ஆன ட்யூப் மாதிரி மூச்சு. வரிசையாகப் பொட்டும் மாலையுமாக நின்ற தன் மிஷின்களைப் பார்த்தாள். “இதுங்கள எழுப்பினா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க சார், எழுப்பட்டுமா?” பிரகாசம் வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த ஒரு விஷயத்தில் அவர் திருந்தியிருந்தார். அவள் கொஞ்சம் யோசித்து, பட்டறையின் பின்பக்கம் போய், வெங்காயக் கூடையையும் பக்கெட்டையும் இறக்கிவைத்து, ஒரு தார்ப்பாயை உருவினாள்.

“இது ஒண்ணுக்குத்தான் பொட்டு வெக்கல. எடைக்கு வாங்கினேன். வந்த நாள்லருந்து ஒரு பல்லும் ஒழுங்கா வெட்டினது கெடையாது. வேல செய்யாததுக்கு இன்னாத்துக்குப் பூஜ?”

பிரகாசத்துக்கு அதை அடையாளம் தெரிந்தது. சேர்மன் கை வைத்துப் படம் எடுத்த இடத்தில் இன்னும் பெயின்ட் பளபளத்தது.

“அது தப்பாத்தாம்மா வெட்டணும்” என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு.

“தப்பா வெட்டச் சொல்லிகினு வந்த மொத ஆளு நீங்கதான் சார்.”

அந்த மிஷினை மாற்றச் சொல்லி எத்தனையோ கமிட்டிகளில் கெஞ்சியவர், இப்போது அதன் முன்னால் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அது எங்காவது திருந்திப்போயிருக்குமோ என்று பயந்தார். இத்தனை நாள் சும்மா நின்றதில் தேய்மானம் துருவில் அடைபட்டு, நல்ல பல்லாக வெட்டிவிட்டால்? மௌனமான கியர், மௌனமான நெஞ்சு. வேம்புலியம்மாள் சுவிட்சைப் போட்டாள். மிஷின் இருமிக்கொண்டு சுற்றியது. நிக்கல் பூச்சு வெள்ளிச் சுருளாக உதிர்ந்தது. முதல் சுற்றில் பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்து கியரைக் கையில் வாங்கி, நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். மயிரிழை தவறியிருந்தது. அதே மயிரிழை. ஒரு கமிட்டியும் கைவைக்காததால் தப்பு பத்திரமாக இருந்தது.

பல்லை உலையில் போட்டுக் கடினப்படுத்த வேண்டும். உலைக்காரன் ஊருக்குப் போயிருந்தான். பச்சைப் பல்லாகவே மாட்டினார்கள். மத்தியானத்துக்குள் மணவாளன் கியர்பாக்ஸைக் காரில் ஏற்றி, பட்டறை வாசலுக்கு ஓட்டி வந்தான். வேம்புலியம்மாள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கார் அவற்றை நசுக்கிக்கொண்டு முதல் கியரில் நகர்ந்தது, முனையில் இரண்டாவதுக்கு மாறியது, பாடிப் பக்கம் திரும்பி மறைந்தது. எண்ணெய் டின்னில் உட்கார்ந்திருந்த பிரகாசத்தின் உதடு நீலமாக இருந்தது. ஒரு மாடு பூசணித் துண்டைத் தின்றது. ஒரு பஸ் போனது. ரோட்டில் என்ன நெரிசலோ, மணவாளன் இன்னும் இரண்டாவதிலேயே இருந்தான். பிரகாசத்தின் தலை மெல்ல மார்பின்மேல் தொங்கியது. வேம்புலியம்மாள் பொரித் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நெஞ்சுக்குள், ரொம்ப ஆழத்தில், வயிற்று வலிக்காரன் போர்வைக்குள் முனகினான். பிறகு மேலே ஏறினான். பிரகாசம் நிமிர்ந்து, முங்கி எழுந்தவர்போல் மூச்சை இழுத்தார்.

“வந்துச்சா?”

தலையாட்டினார்.

“பச்ச பல்லு சார், ஒரு வருஷம் தாங்கினா பெருசு. அடுத்த பூஜைக்குள்ள இரும்பு வாங்கி வெச்சிடுங்க” என்று சொல்லிப் பொரியைக் கையில் கொட்டினாள். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துப் போய், தார்ப்பாய் நீங்கிய பழைய மிஷினுக்கு, சேர்மன் கை வைத்த இடத்திலேயே, ஒரு பொட்டு வைத்தாள். விரலில் கொஞ்சம் சந்தனம் மீதி இருந்தது. திரும்பி வந்து, முனகிக்கொண்டே பொரி மென்றுகொண்டிருந்த பிரகாசத்தின் சட்டைப் பைக்கு மேலே அதையும் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஆவடி சி.எஸ்.ஐ. சபையின் உறுப்பினரான பிரகாசம் அதைத் துடைக்கவில்லை. மறுநாள் வரை அது இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.